நீட்டு லென்சில் அப்பா

அப்பாவுக்கு உருப்படியாக ஒரு புகைப்படம்கூட இல்லை என்பது அவர் இறந்த பிறகுதான் எங்களுக்கு உறைத்தது. மில்லில் சங்கத்தார் எடுத்த படம் ஒன்று இருந்தது. அதில் அந்த நொடி பார்த்து யாரையோ திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். மஞ்சள் காமாலையில் அவர் போனது 1978 கார்த்திகையில். மறு வருடம் தெவசம் நெருங்கியபோது, படையலுக்கு முன்னால் வைக்க ஒரு முகம் வேண்டும் என்று அம்மா சொல்ல ஆரம்பித்தாள்.

யோசனை அம்மாவின் அண்ணனுடையது. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு, ஒரு காமிராவும் இரண்டு லென்சுமாக ஊர் திரும்பியிருந்தார் மாமா. அப்பாவின் தம்பி, என் சித்தப்பா, அதே சாயல். அவரை எடுத்தால் போயிற்று என்றார். சித்தப்பா மறுபேச்சில்லாமல் அப்பாவைப் போலவே மீசையை மழித்து, அப்பாவின் வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு, கருவடிக்குப்பத்தில் எங்கள் வீட்டுக் கொல்லையில் முக்காலியில் வந்து உட்கார்ந்தார். சித்தி கிணற்றடியை விட்டு நகரவில்லை.

“உசுரோட இருக்கறவரு படத்துக்குப் பொட்டு வச்சு மாலை போடுவாங்களாக்கா?”



மாமா முதலில் குட்டை லென்சை மாட்டினார். முகம் நிறைய விழ வேண்டுமென்றால் அதில் ஆளை ஒட்டிப் போக வேண்டும். மூக்கு புடைத்துக்கொண்டு தெரிந்தது. அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினார். “இது தம்பிதான்” என்று காமிராவை உடனே திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

“நீட்டு லென்சுல மூஞ்சி அடங்கி வரும். ஆனா கை துளி ஆடுனாலும் கலங்கிப்பூடும். மாப்ள, நீயும் ஆடாத. செத்தவனுக்கு மூச்சு எதுக்கு?” என்று சித்தப்பாவைப் பார்த்து மாமா சிரித்தார். வேறு யாரும் சிரிக்கவில்லை.

நீட்டு லென்சை மாட்டித் தள்ளிப் போய்ச் சுவரில் தோளைச் சாய்த்து, முழங்கைகளை விலாவோடு ஒட்டிக்கொண்டு பார்த்தார். பிறகு அதே இடத்தில் அம்மாவை நிறுத்தினார். இந்த முறை அம்மா காமிராவைத் திருப்பிக் கொடுக்கவில்லை. வெயில் சுவரேறும் வரை அப்படியே நின்றதாக எனக்கு நினைவு; அவ்வளவு நேரம் இருந்திருக்காது. கடைசியில் சித்தி வந்து, “போதும்க்கா” என்று மெதுவாக வாங்கினாள். எனக்கும் ஒருமுறை காட்டினார்கள். “சித்தப்பாதான் தெரியுறாரு” என்றேன்.

படம் எடுத்து முடிந்ததும் அம்மா, சித்தப்பாவின் முகத்தைப் பார்க்காமல், “மீசை வளர்ற வரைக்கும் இந்தப் பக்கம் வராதீங்க தம்பி” என்றாள். “சரிங்கண்ணி” என்று அவர் போய்விட்டார்.

மீசை எடுத்தது அவ்வளவு பெரிய குற்றமா என்று எனக்கு அம்மாவின் மேல் கோபம். தினமும் சாயங்காலம் என்னைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு கடற்கரைக்குப் போகிறவர் அவர்தான்.

படம் துளிகூடக் கலங்காமல் வந்தது. சட்டம் போட்டு மாட்டிய அன்று சித்தி மட்டும் வந்தாள். இருவரும் படத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவினார்கள். “அன்னிக்கு அந்தக் காமிராவுல அவரே…” என்று ஆரம்பித்த அம்மா, முடிக்காமல் அழுதாள்.

“எனக்குத் தெரியாதாக்கா” என்றாள் சித்தி, கீரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

என்ன தெரியும் என்று நான் கேட்டேன். சித்தி ஒரு கீரைக் கொத்தை என் கையில் கொடுத்து உருவச் சொன்னாள்.