பின் விளக்கு எரிந்த மாலை

இதைப் படித்துச் சிரிப்பவர்கள் ஒரு நடை போய் ஹேமநாதனின் இடது காலைப் பார்த்துவிட்டு வந்து சிரிக்கட்டும். போன மார்ச் மாதம், லாபிஸில், எங்கள் தாமான் குடியிருப்பில் நடந்தது. அந்தக் காருக்குள் உட்கார்ந்திருந்தவளே நான்தான்.

ஹேமநாதன் பக்கத்து வீட்டுக்காரர். பழைய கார் ஒன்று வாங்கிவிட்டுத் தாமான் முழுக்கப் பெருமை அடித்துக்கொண்டிருந்தார். பின்பக்க விளக்கு ஒன்றுகூட எரியவில்லை என்பதை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை. எனக்குத் தெரியும். எங்கள் வேலி தாழ்வானது.

மறுநாள் காலை வாகனப் பரிசோதனை. விளக்கு எரியாவிட்டால் கார் அவர் பெயருக்கு மாறாது. முந்தின நாள் மாலை 6.50க்கு எட்டிப் பார்த்தேன். பல்பு, பியூஸ் எல்லாம் மாற்றிவிட்டு வேர்த்து வடிய நின்றார்.

“என்ன, எரியுதா?”

“வேடிக்கை பார்த்தது போதும்க்கா. உள்ள உக்காந்து பிரேக்கை அமுக்குங்க.”

காரின் பின்பக்கம் பூட்டிய கேட்டைப் பார்த்து நின்றது. தரை அந்தப் பக்கம் சரிவு. ஹேமநாதன் காருக்கும் கேட்டுக்கும் நடுவில் குந்திக்கொண்டார். கைபிரேக் இழுத்திருந்தது.

7.04. அமுக்கினேன்.

“அலமாக்! எரியுதுக்கா! போதும், விடுங்க.”

விட்டேன்.

“விடுங்கக்கா.”

“விட்டுட்டேன்லா!”

“விளையாடாதீங்க. செவப்பா எரியுது.”

குனிந்து பார்த்தேன். என் கால் பிரேக் மிதியில் இல்லை. மிதி மட்டும் அமுங்கியே இருந்தது...

அவர் எழுந்து வந்து பேட்டரி வயரையே கழற்றினார். திரும்பவும் பின்னால் போய்க் குந்தினார்.

“இன்னும் எரியுதுக்கா...” குரல் இறங்கிவிட்டது.

டக்.

கேட் வெள்ளை வெளேரென்றது. ரிவர்ஸ் விளக்கு. நான் கியரைத் தொடவே இல்லை.

“எந்திரிங்க! தள்ளிப் போங்க!”

மிதி மெல்ல மேலே வந்தது. யாரோ காலை எடுப்பதுபோல...

7.09. கார் நகர்ந்தது.

மிதிக்கப் போனேன். ஈரமான ஒரு பாதம் என் பாதத்தின் மேல் ஏறியது. தரையோடு அழுத்தியது.

“அக்கா, பிரேக்கு!”

கிர்ர்...

அப்புறம் அலறல்.

கைபிரேக் இழுத்தபடியே இருந்தது.

ஹேமநாதனின் இடது கால் எலும்பு இரண்டு இடத்தில் முறிந்தது. அவர் மனைவி லோஷினி இன்றுவரை என் முகத்தைப் பார்ப்பதில்லை. நான்தான் பிரேக்கை விட்டேனாம்.

சும்மா இருக்க முடியுமா? காரை இழுத்துப் போன குணாளனின் பட்டறைக்கே போனேன். பின் இருக்கையைக் கழற்றிப் போட்டிருந்தார். அடியில், இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை வெல்டிங் கோடு.

“ரெண்டு காரை வெட்டி ஒட்டியிருக்கானுங்க. முன் வயரும் பின் வயரும் சேர்க்கவே இல்ல. பின்னால விளக்கு எரியவே எரியாது.”

“எரிஞ்சுதே!”

குணாளன் பின்பக்கத் தகட்டில் ஒரு பழைய ஒடுக்கைத் தடவிக்கொண்டிருந்தார்.

“இது நான் தட்டி எடுத்ததுக்கா. ரெண்டு வருஷம் ஆச்சு. அப்ப இந்தப் பின்பாதி வேற காரோட ஒட்டியிருந்துச்சு. அதை வாங்கின ஆளுக்கு ரெண்டு காலும் போச்சு.”

கையைத் துணியில் துடைத்தார். நெடுநேரம் துடைத்தார்.

“அப்பவும் வயரைச் சேர்க்கல.”