தூக்கி விடுகிறவள்

கிரேக்கத் தீவொன்றில் ஒரு கிழமை இருந்துவிட்டு வந்ததிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஸ்ட்ரெதமில் ஒரு பல் வைத்தியரிடம் வரவேற்பு மேசையில் வேலை. அடுத்து யாரைக் கூப்பிடுவது என்று பார்க்க வேண்டிய நேரத்தில், அந்தத் தீவில் இப்போது என்ன காற்று என்று போனில் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பஸ் தரிப்பிடத்து மரம் கொஞ்சம் ஆடினாலும் எழுந்து ஜன்னலடிக்குப் போய்விடுகிறேன். "என்னக்கா, உங்களுக்கு ஏதும் வருத்தமோ?" என்று கூட வேலை செய்கிற பிள்ளை கேட்டாள். வருத்தம்தான். அதற்கு எங்கள் வைத்தியரிடம் மருந்தில்லை.

எல்லாவற்றுக்கும் காரணம் என் கணவர். ஐம்பது வயதானதும் அவருக்குக் கைட்சர்ஃபிங் பைத்தியம் பிடித்தது. காற்றடைத்த பெரிய பட்டமொன்றின் நூல்களை இடுப்புப் பட்டையில் கொளுவிக்கொண்டு, காலில் பலகையோடு கடல்மேல் இழுபட்டுப் போகிற விளையாட்டு. "பட்டம் ஏத்துறதை எனக்கு வெள்ளைக்காரன் சொல்லித் தரப்போறானோ?" என்று விமானம் ஏற முதலே தொடங்கிவிட்டார். ஊரில் பொங்கல் பட்டப் போட்டியில் முதற்பரிசு வாங்கியவர். நாங்கள் இருக்கிற மிட்சம் பக்கத்தில் நடக்கும் எந்தப் பிறந்தநாள் வீட்டிலும், யாரும் கேட்காமலே அதைச் சொல்லிவிடுவார்.

நானும் பட்டம் ஏற்றுகிற வீட்டில் பிறந்தவள்தான். மூன்று அண்ணன்மார். பசை காய்ச்சியது நான், வாலுக்குத் துணி கிழித்தது நான். நூலின் மற்றத் தலைப்பு வரைக்கும் பட்டத்தைச் சுமந்து போய், கை உளைய உளையத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்து, "விடு!" என்றதும் விட்டதும் நான். பட்டம் ஏறிய பிறகு என்னை ஒருவரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். ஒருநாள் நூலைக் கொஞ்சம் பிடிக்கக் கேட்டேன். "கையை அறுத்துப்போடும், போ" என்றார் பெரியண்ணை. அறுத்தால் அறுக்கட்டும் என்று சொல்ல அன்று வாய் வரவில்லை. அந்தக் கோபம் இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை.

அந்தத் தீவில் காற்று நிற்பதே இல்லை. கடற்கரையில் குடை விரிக்க முடியாது. மணல் பறந்து காலில் ஊசியாகக் குத்தும். "நல்ல வாடைக்காத்து" என்று அவர் மூக்கை விரித்து மணந்தார். அங்கே பழக்குகிறவள் வெயிலில் கறுத்த ஒரு கிரேக்கப் பெண். அவளிடம் இரண்டு வகுப்புக்குப் போனதோடு அவருக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. மூன்றாம் நாள், அவள் வர முன்பே பட்டத்தை எடுத்துக் காற்றடித்து, நூல்களைக் கொளுவிவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"வாரும், வந்து தூக்கி விடும்."

கடல் கடந்து வந்த இடத்திலும் எனக்கு அதே உத்தியோகம். "நான் ஒருக்காப் பிடிச்சுப் பாக்கட்டோ?" என்று கேட்டேன்.

"உமக்கு ஏலாது. நீர் அங்க போய் நில்லும்."

அவர் காட்டிய இடத்தில், காற்று போகிற திசையில், அவருக்கு நேரெதிரே போய் நின்றேன். எங்கள் ஊரில் அப்படித்தான் நிற்பார்கள். கடதாசிப் பட்டம் ஏற முழுக் காற்றும் வேண்டும். இந்தப் பட்டத்தை ஒரு பக்கமாக நின்றுதான் விடவேண்டும், முழுக் காற்றையும் கொடுத்தால் ஆளையே தூக்கிவிடும் என்று அந்தப் பெண் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாளாம். முதற்பரிசுக்காரருக்கு அது காதில் ஏறவில்லை. "விடும்!" என்றார். பழகிய கை அல்லவா, எவ்வளவு உயரம் முடியுமோ அவ்வளவு உயரம் வீசி விட்டேன்.

என்னைத் தாண்டி அவர் மணலை உழுதுகொண்டு போனார். தூரத்திலிருந்து அந்தப் பெண் கையை வீசிக்கொண்டு ஓடி வந்தாள். பிடியை விட்டால் பட்டம் அடங்கிவிடும். ஆனால் பட்ட நூலை விடுவது எங்கள் ஆட்களின் கைக்குத் தெரியாத வேலை. அவர் இன்னும் இறுக்கிப் பிடித்தார். "விடுங்கோ! ஐயோ, விடுங்கோ!" என்று நான் கத்தினேன். தோள்மூட்டு விலகிய பிறகுதான் விட்டார்.

ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியெல்லாம், செத்துப்போவார் என்றே பயந்துவிட்டேன். அவரோ கையைத் தொட்டில் கட்டித் தொங்கவிட்டுக்கொண்டு, "இந்தக் காத்துச் சரியில்லை" என்றார். ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணலாம். "மிச்ச வகுப்பு வேண்டாமெண்டு நாளைக்குப் போய்ச் சொல்லிவிடும்" என்றும் சொன்னார்.

சொல்லத்தான் போனேன். கடற்கரையில் அந்தப் பெண்ணைக் கண்டதும் என் வாயில் வந்தது வேறு. "மிச்ச வகுப்புக்கு நான் வரலாமா?" என்று கேட்டுவிட்டேன். காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்ள வேண்டாமா?

நான் ஒன்றும் கெட்டிக்காரியாக இருக்கவில்லை. பாதிக் கடலைக் குடித்தேன். பலகையில் ஒருதரமும் ஏறி நிற்கவில்லை. ஆனால் இடுப்பளவு தண்ணீரில், பட்டம் தலைக்கு மேலே நிற்க, அதன் இழுவை என் கைவழியே இறங்கி இடுப்புக்கு வந்தது. நாற்பத்தாறு வயதில்தான் நான் நூலின் இந்தத் தலைப்புக்கு வந்து சேர்ந்தேன். அழுகை வந்தது. அழுதேன். திரும்பி வரும்போது விமானத்தில் அவர் சொன்னார், "அடுத்த முறை கை சரியாகினதும் நான் ஏத்திறன், நீர் தூக்கி விடும்." நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அன்றைக்குப் பிடித்த இருப்புக்கொள்ளாத அந்தரம்தான் இது.

போன மாதம், சின்னதாக ஒரு பழகுகிற பட்டம் வாங்கினேன். ஞாயிற்றுக்கிழமை மிட்சம் பொதுவெளிக்குக் கொண்டுபோனேன். இவரும் கூட வந்தார். தோள் சரியாகி எத்தனையோ நாளாகிவிட்டது. நான் நூல்களைச் சிக்கெடுத்து விரித்து முடித்ததும், வெகு இயல்பாகக் கையை நீட்டினார்.

"இஞ்ச தாரும்."

"இஞ்சாருங்கோ, நீங்கள் போய்ப் பட்டத்தைத் தூக்குங்கோ."

வேறு யாருக்கோ சொன்னதுபோலப் பின்னால் திரும்பிப் பார்த்தார். அங்கே நாயோடு நடக்கிற ஒரு கிழவரைத் தவிர ஒருவருமில்லை. பிறகு நடந்தார். போய் எனக்கு நேரெதிரே நின்றார்.

"நேர நிக்காதேங்கோ. கொஞ்சம் அங்கால."

தள்ளி நின்று பட்டத்தைத் தலைக்கு மேலே தூக்கினார். அந்தப் பக்கத்தில் அவர் முன்பு நின்றதே இல்லை. "எப்ப விடுறது?" என்று கத்தினார்.

"நான் சொல்லேக்க."

காற்று என் முதுகில் நன்றாகவே அடித்தது. ஆனாலும் நான் உடனே சொல்லவில்லை.

"கை உளையுதப்பா, கெதியாச் சொல்லும்!"

"ஓம்," என்றேன். "உளையும்."