மங்கலான படங்கள்

2024 நவம்பர் 16, சனிக்கிழமை. பள்ளி விடுமுறை. வழக்கம்போல ஐந்து மணிக்கு எழுந்தேன். வாசல் தெளித்தேன், பால் காய்ச்சினேன், அவருக்கு வெந்நீர் போட்டேன். அவரைப் புரட்டி விரிப்பை மாற்றி, உடம்பு துடைத்து, முதுகில் பவுடர் தடவி, இரண்டு தலையணைகளை அண்டக்கொடுத்துச் சாய்த்து உட்கார வைத்தேன். பிறகு போனை எடுத்து, 'மலை' என்று பெயர் போட்டு நான் சேர்த்து வைத்திருந்த ஆல்பத்தைத் திறந்து, ஒரு படத்தை அவர் முகத்துக்கு நேராகப் பிடித்தேன். படம் முழுக்க வெள்ளை. அவர் கொஞ்ச நேரம் பார்த்தார். எச்சிலை விழுங்கி, கோணிய உதட்டை ஒருவழியாகச் சேர்த்து, "வராது" என்றார்.

அடுத்த படத்தில் வெள்ளை கொஞ்சம் கலைந்திருந்தது. "வரும்" என்றார்.

என் கணவரிடம் மிச்சமிருந்த பேச்சு இந்த இரண்டு சொற்கள்தான். போன வருஷம் பக்கவாதம் வந்து வலப்பக்கம் விழுந்தது, பேச்சும் போனது. தேனியில் பேச்சுப் பயிற்சி கொடுத்த பெண் ஆறு மாதம் முயன்று பார்த்தாள். என் பெயரோ மகள் பெயரோ வரவில்லை. ஒருநாள் ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் பொழுது போகாமல் போனில் பழைய படங்களைத் தள்ளிக்கொண்டிருந்தேன். அவர் எட்டிப் பார்த்து "வராது" என்றார். அந்தப் பெண் ஓடி வந்தாள். "இதை மட்டும் விட்டுடாதீங்க. தினமும் காட்டுங்க. இதைப் பிடிச்சுக்கிட்டு மத்ததும் வரலாம்" என்றாள். மற்றது எதுவும் வரவில்லை. ஆனாலும் நான் ஒருநாள்கூடக் காட்டத் தவறியதில்லை.

அந்தப் படங்களின் கதை இது. அவர் மேகமலையில் ஓர் எஸ்டேட்டில் சூப்பர்வைசராக இருந்தார். நான் ராயப்பன்பட்டியில் ஆசிரியை. வாரக் கடைசியில்தான் இறங்கி வருவார். குவார்ட்டர்ஸில் சிக்னல் கிடையாது. விடிந்ததும் கதவைத் திறந்து, நின்ற இடத்திலிருந்து ஒரு படம் எடுப்பார். வேலைக்குப் போகும் வழியில் ஒரு வளைவில் சிக்னல் கிடைக்கும். அங்கே அந்தப் படம் தானாகவே கிளவுடுக்கு ஏறிவிடும். சின்னமனூர்க் கடைக்காரர் எங்கள் இருவர் போனுக்கும் ஒரே கணக்கைத்தான் போட்டுக் கொடுத்திருந்தார். அதனால் அவர் எடுத்த படம் என் போனிலும் தெரியும். அவர் எனக்கென்று எதையும் அனுப்பியதில்லை, ஒரு வரி எழுதியதில்லை. இடைவேளையில் நான் போனைத் திறந்து பார்ப்பேன். மூடுபனி அடைத்துக் கிடந்தால் மலைக்குப் பஸ் ஏறாது, கலைந்திருந்தால் ஏறும். அவர் இறங்கி வருவது அந்தப் பஸ்ஸில்தான், அதனால் வெள்ளிக்கிழமைப் படம்தான் எனக்கு முக்கியம். ஆனால் அவர் எல்லா நாளும் எடுத்தார்.

அன்று காலைப் பலகாரம் முடிந்ததும் நான் உட்கார்ந்தது அந்தக் கணக்கில் இடம் காலி பண்ணுவதற்காக. இடம் நிறைந்துவிட்டதாகச் சில வாரங்களாகவே சிவப்புக் கோடு காட்டிக்கொண்டிருந்தது. மெயில் வருவது நின்றுபோய், ஒரு பயிற்சி வகுப்பு விவரம் வராமல் தலைமையாசிரியரிடம் பேச்சு வாங்கினேன். கோயம்புத்தூரில் இருக்கும் மகள், "மாசம் கொஞ்சம் கட்டினா கூட இடம் தருவாங்கம்மா" என்றாள். குப்பையை வைக்க வாடகைக்கு இடம் பிடிப்பதா என்று கேட்டேன். ஒழுங்காக ஒதுக்கினால் எந்த வீட்டிலும் இடம் இருக்கும் என்பது என் நம்பிக்கை.

முறையாகத்தான் செய்தேன். முதலில் பழைய மெயில்கள். பிறகு ஆண்டுவிழா வீடியோக்கள். அவற்றில் தேவையானதை மகள் கொடுத்த பென்டிரைவில் ஏற்றிய பிறகே அழித்தேன்.

அவரைப் பார்த்துக்கொள்ள எங்களோடு இருக்கும் என் நாத்தனார் வாசற்படியில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"என்ன மதினி, பேன் பாக்குற மாதிரி அந்தப் போனையே பாத்துக்கிட்டு இருக்கீக?"

"இடம் காலி பண்றேன்."

"யாரு குடி வரப்போறாக?"

சிரித்தேன். அன்றைக்கு நான் சிரித்தது அதற்கு மட்டும்தான்.

அடுத்து 'மங்கலான படங்கள்' என்று போனே ஒரு கட்டுப் பிரித்துக் காட்டியது. திறந்தேன். கை தவறி எடுத்த தரை, பையின் உட்புறம், கரும்பலகையில் ஆடிப்போன எழுத்து. அவற்றுக்குப் பின்னால் வெள்ளைச் சதுரங்கள், பனி கலைந்த நாள் படங்களும் சேர்ந்து, விரலால் தள்ளத் தள்ள வந்துகொண்டே இருந்தன. அவருடைய படங்கள்தான் என்று எனக்குத் தெரியும். தெரியாமல் அழித்தேன் என்று சொல்ல முடியாது. இவைதான் 'மலை' ஆல்பத்தில் பத்திரமாக இருக்கின்றனவே, இங்கே கிடப்பது இரண்டாவது பிரதி என்று நினைத்தேன். எங்கள் கல்யாணப் படங்களை நான்தான் ஆல்பத்தில் ஒட்டினேன். ஒட்டிய படம் ஆல்பத்தில்தான் இருக்கும். ஸ்டுடியோவில் என்ன ஆனாலும் அதற்கு ஒன்றும் ஆகாது. என் புத்தி அந்த மட்டில்தான் போனது. எல்லாவற்றையும் தேர்வு செய்து அழித்தேன். சிவப்புக் கோடு குறையவில்லை. குப்பைத்தொட்டியில் கிடப்பதும் இடத்தை அடைக்கும் என்று எழுதியிருந்தது. அதையும் காலி செய்தேன். இனி திரும்பப் பெற முடியாது, சரியா என்று கேட்டது. சரி என்றேன். கோடு சட்டென்று இறங்கிப் பச்சையானது. நிறைவாக இருந்தது.

மதியம் அவர் கஞ்சியை வாங்காமல் வாயை இறுக்கிக்கொண்டார். அப்படி அடம் பிடிக்கும்போது நாத்தனார் படத்தைக் காட்டி, "வராது" என்று வாய் திறந்ததும் கரண்டியை உள்ளே கொடுத்துவிடுவாள். அன்றும் போனை எடுத்தாள்.

"மதினி, மலையைத் தொட்டா ஒண்ணும் வரலியே? இங்கன வெறும் வெள்ளையாத்தான் இருக்கு."

"படமே வெள்ளைதானே?"

"இல்ல மதினி. ஏதோ எழுதிருக்கு பாருங்க."

ஆல்பத்தில் படங்கள் இல்லை என்று எழுதியிருந்தது. மேலே 'மலை' என்ற பெயர் மட்டும் நின்றது.

மகளைக் கூப்பிட்டேன். நடந்ததை வரிசையாகச் சொன்னேன்.

"அம்மா, ஆல்பம்னா தனியா காப்பி கிடையாதும்மா. அதே படத்தைத்தான் அங்கயும் காட்டும். சரி, பதறாத. டிராஷ்ல இருக்கும். அங்க போ."

"அதையும் காலி பண்ணிட்டேன்."

"ஏம்மா?"

"காலி பண்ணாத்தானே இடம் வரும்?"

அவள் அழுவதைக் கேட்டேன். அப்பாவின் பழைய போன் எங்கே என்றாள். எனக்குப் புதிது வாங்கும்போது அதைக் கடையில் கொடுத்து மாற்றிக்கொண்டோம். எல்லாம் மேலே ஏறியாயிற்றா என்று ஒருமுறைக்கு இருமுறை சரிபார்த்துவிட்டு, உள்ளே இருந்ததைச் சுத்தமாக அழித்துக் கொடுத்தது நான்தான். கம்பெனிக்கு உதவி கேட்டு எழுதிப் பார்க்கிறேன் என்று சொல்லிப் போனை வைத்தாள். நாலு மணிக்குத் திரும்பக் கூப்பிட்டு, "போச்சும்மா" என்றாள்.

நாத்தனார் கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைக்காமல் அப்படியே நின்றிருந்தாள்.

"அண்ணே வாயில கிடந்தது ரெண்டு சொல்லு. அதையும் தொடைச்சு எடுத்துட்டீகளே மதினி" என்றாள். சொன்னதும் அவளே என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நான் ஒண்ணும் சொல்லல. நீங்க வேணும்னா செஞ்சீக?"

படம் இல்லாமல் கேட்டுப் பார்த்தேன். "இன்னிக்குப் பஸ் வருமா?" அவர் மின்விசிறியைப் பார்த்தார். "மலைக்குப் பஸ் வருமா, வராதா?" என் வாயைப் பார்த்தார். நான் "வ" என்று ஆரம்பித்துக் கொடுத்தேன். பேச்சுப் பயிற்சிப் பெண் செய்வதுபோல உதட்டைக் குவித்துக் காட்டினேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

அவரோடு வேலை பார்த்தவர் ஒருவர் இன்னும் அதே எஸ்டேட்டில் இருக்கிறார். சனிக்கிழமை சாமான் வாங்கச் சின்னமனூருக்கு இறங்குவார், அதனால் போன் கிடைத்தது. விஷயத்தைச் சொன்னேன்.

"மஞ்சு மூடுன படந்தானே டீச்சர்? மலையில அதுக்கா பஞ்சம்? என் போன்லயே கிடக்கு. அண்ணே நல்லாத்தான இருக்காக?"

"அவுக குவார்ட்டர்ஸ் கதவுகிட்ட நின்னு எடுத்தது வேணும். நாளைக்கு ஏறினதும் அங்கன நின்னு ஒண்ணு எடுத்து அனுப்புவீங்களா?"



"அந்தக் குவார்ட்டர்ஸ் வரிசையே இப்ப இல்ல டீச்சர். வைகாசியில இடிச்சுட்டாக. அண்ணன்கிட்டச் சொல்ல வேணாம்னுதான் நானும் சொல்லல."

தன்னிடம் இருந்ததை எல்லாம் அனுப்பி வைத்தார். வளைவில் எடுத்தது, பேக்டரி முன்னால் எடுத்தது, ரோட்டோரம் எடுத்தது. எல்லாம் மூடுபனிதான். என் கண்ணுக்கு அழித்த படங்களுக்கும் இவற்றுக்கும் வித்தியாசம் இல்லை. ஒன்றிரண்டை அவரிடம் காட்டினால் போதும் என்று நினைத்து, மனசு ஓரளவு தேறியே அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

அவர் முதல் படத்தை நெடுநேரம் பார்த்தார். இடது கை எழுந்து வந்து படத்தின் ஓரத்தைத் தடவியது. எதையோ தேடுகிற விரல். அங்கே இல்லை. இரண்டாவதையும் அப்படியே தடவினார். மூன்றாவது படத்துக்குப் போனைப் புறங்கையால் தள்ளிவிட்டார். எதுவும் சொல்லவில்லை.

அந்த ஓரத்தில் என்ன இருந்தது? தகரக் கூரையின் விளிம்பா, கதவு நிலையா, முற்றத்து மரமா? வருஷக்கணக்காகப் படம் வந்தது, பிறகு தினமும் காலையில் நானே கையில் பிடித்துக் காட்டினேன். எனக்குத் தெரிந்தது வெள்ளை மட்டும். பஸ் வருமா வராதா என்பதற்கு மேல் நான் அதில் எதையும் பார்த்ததில்லை. கல்லூரிக் காலம் தொட்டு டைரி எழுதுகிறேன். கேஸ் சிலிண்டர் மாற்றிய நாள்கூட அதில் இருக்கிறது. அவருடைய படங்களைப் பற்றி 'படம் வந்தது' என்பதைத் தவிர ஒரு சொல் எழுதி வைக்கவில்லை. மகளிடம் கேட்டேன். அவளுக்கும் தெரியவில்லை. சொல்லக்கூடியவர் ஒருவர்தான், அவர் கட்டிலில் சுவரைப் பார்த்துக் கிடந்தார்.

விளக்கு வைத்த பிறகு போன் விடாமல் அடித்தது. இத்தனை வாரமாக வராதவை என்று நினைத்தேன். எல்லாம் புதிதாக அனுப்பியவை. பயிற்சி வகுப்பு, கிறிஸ்துமஸ் தள்ளுபடி, யாரோ ஒருவரின் பணி ஓய்வு விழா. இப்போது இடம் ஏராளமாக இருக்கிறது.

மறுநாள் ஞாயிறு. முதல் பூசைக்கு நாத்தனாரை மட்டும் அனுப்பிவிட்டு, வெந்நீரோடு அறைக்குள் போனேன். அவர் விழித்திருந்தார். என் கையில் போன் இருக்கிறதா என்று பார்த்தார். போனை அடுப்படியிலேயே விட்டு வந்திருந்தேன். அவரைப் புரட்டி விரிப்பை மாற்றினேன், உடம்பு துடைத்தேன், முதுகில் பவுடர் தடவினேன். தலையணை வைக்கவில்லை. சாய்த்து உட்கார வைத்தால் அடுத்து என்ன என்று பார்ப்பார். அதனால் படுக்க வைத்தபடியே கரண்டியால் காப்பியைக் கொடுத்தேன்.