தாமல் ஏரிக்கரையில் ஓர் ஏனாதி

அறுபதுகளின் கடைசி. எதைத் தொட்டாலும் அதற்குத் தமிழில் என்ன பெயர் என்று கேட்கிற வேகம் எங்கள் தெருவுக்கு வந்திருந்தது. பகலெல்லாம் தறியில் உட்கார்ந்திருக்கும் நாங்கள் சாயங்காலமானால் சடுகுடு ஆடுவோம். நான்தான் கேப்டன். பக்கத்து ஊர்த் தாமல்காரர்களோடு போட்டி என்று முடிவானதும், நோட்டீசில் ‘கேப்டன்’ என்று போடவே கூடாது என்று எங்கள் ஆட்கள் பிடிவாதமாக நின்றார்கள்.

சேனாபதி வடமொழி என்று ஒருவன் தள்ளினான். தளபதியும் பாதி அப்படித்தான் என்றான் இன்னொருவன். படைத்தலைவன் என்று சொல்லிப் பார்த்தோம், யாருக்கும் சிலிர்க்கவில்லை. அப்போதுதான், எங்களோடு ஆடிக்கொண்டே கல்லூரியில் தமிழ் படித்தவன் வாயைத் திறந்தான்.

“ஏனாதின்னு போடுங்கப்பா. அந்தக் காலத்துல படைத்தலைவனுக்கு ராஜா குடுத்த பட்டம் அது. கையில மோதிரம் போட்டுக் குடுப்பாராம்.”

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பங்குனியில் அறுபத்துமூவர் புறப்பாட்டின்போது ஏனாதி நாயனாரை வருஷா வருஷம் கும்பிட்டவன் நான். வாள்வித்தை கற்பித்தவர், சண்டையில் எதிரியின் நெற்றியில் திருநீற்றைப் பார்த்ததும், அடியாரை வெட்டமாட்டேன் என்று உயிரையே விட்டவர். ஏனாதி என்பது அவருடைய பெயர் என்றே இத்தனை நாள் நினைத்திருந்தேன். அது ஒரு பட்டமா! அங்கேயே ஜரிகையை முறுக்கி மோதிரமாக்கி என் விரலில் மாட்டிவிட்டார்கள்.

ஏரிக்கரையில் ஆட்டம். நோட்டீசைப் படித்த தாமல்காரர்கள் சும்மா வரவில்லை. அத்தனை பேர் நெற்றியிலும் பட்டை பட்டையாகத் திருநீறு. கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. அவர்களுடைய கேப்டன், ஏர் பிடித்து உரமேறிய ஆள், நடுக்கோட்டருகே வந்து நின்றான்.

“இன்னாபா ஏனாதி, அடியாருங்க மேல கை வைப்பியா?”

சிரிப்பும் கூச்சமுமாக ஆடி, முதல் பாதியில் பின்தங்கிப்போனோம்.

இரண்டாம் பாதியில் நான் பாடிக்கொண்டு உள்ளே போனேன். அவர்களுடைய கேப்டன் கைகளை விரித்தபடி எதிரே நின்றான். மூச்சு விடாமல் சடுகுடு பாடிக்கொண்டே இரண்டு கைகளையும் கூப்பினேன். அவன் சிரித்துவிட்டான். சட்டென்று குனிந்து அவன் காலைத் தொட்டேன். மற்றவர்கள் பாய்வதற்குள் கோட்டின் மேல் விழுந்தேன்.

கும்பிட்டதெல்லாம் கணக்கில் வராது என்று தாமல்காரர்கள் மல்லுக்கு நின்றார்கள். தொட்டால் தொட்டதுதான் என்று நடுவர் விசிலை ஊதிவிட்டார். அவன் வெளியே போனதும் அவர்கள் கட்டு குலைந்தது. ஒரே ஒரு புள்ளியில் ஜெயித்தோம்.

ஆட்டம் முடிந்ததும் அவனே என்னிடம் வந்தான். வேர்வையில் திருநீறு கரைந்து மூக்கில் வழிந்துகொண்டிருந்தது. தனக்கும் அப்படி ஒரு பட்டம் கிடைக்குமா என்று கேட்டான். தண்டநாயகன் என்று வைத்துக்கொள், தண்டம் என்றால் படை என்று எங்கள் தமிழ்க்காரன் சொன்னான்.

“தண்டமா? எங்க வூட்ல தெனமும் என்னை அப்படித்தான்பா கூப்புடறாங்க.”

சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. இரண்டு அணியும் ஒன்றாக ஏரியில் இறங்கிக் குளித்தோம். ஊர் திரும்பும் வழியெல்லாம் சைக்கிளில் எங்கள் கூச்சல் அடங்கவில்லை.