குட வரிசையில் ஒரு வளைவு

எங்கள் சித்திக்கு அவசரம் பிறவிக்குணம். காபி ஆறும்வரை பொறுக்கமாட்டாள். நாக்கைச் சுட்டுக்கொண்டு காபியைத் திட்டுவாள். அப்படிப்பட்டவள் கார் ரேஸ் ஓட்டினால் எப்படி இருக்கும்? நேர்ப்பாதையில் அவளைப் பிடிக்க ஆளில்லை. வளைவு வந்தால் போச்சு. பெண்கள் அணிக்கான தேர்வில் இரண்டு முறையும் ஒரே வளைவில் கார் பம்பரமாய்ச் சுற்றி மண்ணில் போய் நின்றது. இன்னும் ஒரே ஒரு வாய்ப்புதான், அதிலும் விட்டால் இடமில்லை என்று சொல்லிவிட்டார்கள். அந்த வாரம் முழுக்கச் சித்தி சரியாகச் சாப்பிடவே இல்லை.

தேர்வுக்கு முந்தின நாள், நெமிலிச்சேரியில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருந்த மைதானத்துக்குத் தன் பழைய காரை ஓட்டி வந்தாள். வளைவின் வெளிவிளிம்புக்கு அடையாளம் வைக்க வேறொன்றும் கிடைக்காமல், வீட்டிலிருந்த பிளாஸ்டிக் குடங்களை வரிசையாக வைத்தோம். எனக்கு ஏழு வயது. ரேஸே என் தலைமையில் நடப்பதாக நினைப்பு.

எங்கள் பக்கத்தில் குடம் வரிசையில் நின்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான். சித்தி காரால் எங்கள் குடங்களில் பாதியை இடித்து உருட்டி முடிப்பதற்குள், தெருவே குடமும் கையுமாக வந்துவிட்டது. கார் வளைந்து வெளியேறும் இடத்தில் அவர்கள் குடங்கள் நீளமாகத் தொடர்ந்தன.

"தண்ணி லாரி எத்தினி மணிக்கும்மா?" என்றாள் எதிர்வீட்டு அக்கா.

"ஐயோ அக்கா, இது தண்ணிக்கு இல்ல. நான் கார் ஓட்டிப் பழகுறதுக்கு."

"நீ ஓட்டு, யாரு வேணான்னாங்க? என் கொடத்த மட்டும் நவுத்தாத. எடம் பூடும்."

சொல்லிவிட்டு எல்லாரும் தூரத்து மதில் நிழலில் போய் உட்கார்ந்துகொண்டார்கள்.

எங்கள் குடம் உருண்டால் பரவாயில்லை. அவர்கள் குடத்தை இடித்துவிட்டு அந்தத் தெருவில் குடியிருக்க முடியுமா? வாழ்க்கையில் முதல் தடவையாகச் சித்தி முன்கூட்டியே பிரேக் போட்டாள். வேகத்தைக் குறைத்து, தாமதமாகத் திருப்பி, வளைவின் உள்பக்கத்தை ஒட்டி வந்து, கார் நேரானதும் சீறிக்கொண்டு வெளியேறினாள். ஒரு குடமும் அசையவில்லை. "அடேங்கப்பா, வெளிய வரப்போ என்னா வேகம்!" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். மதியம்வரை அதையேதான் திரும்பத் திரும்பச் செய்தாள். யாருமே கூப்பிடாத லாரிக்காரனை வாய் வலிக்கத் திட்டிவிட்டுப் பெண்கள் வீடு திரும்பினார்கள்.

மறுநாள் திருமழிசையைத் தாண்டியிருந்த டிராக்குக்குப் போனோம். மற்ற கார்கள் எல்லாம் உறுமிக்கொண்டு அந்த வளைவுக்குள் பாய்ந்தன. சித்தியின் கார் மட்டும் ஸ்கூல் வேன் மாதிரி அடங்கிப்போய் நுழைந்தது. "பிரேக் போடாத சித்தி!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். எல்லாம் போச்சு என்று அம்மா மடியில் முகம் புதைத்து அழுதேன். அதற்குப் பிறகு நான் எதையும் பார்க்கவில்லை.

நிமிர்ந்தபோது சித்தி ஹெல்மெட்டும் கையுமாக ஓடி வந்துகொண்டிருந்தாள். "அக்கா, எடம் கெடச்சிடுச்சு!" அம்மாவும் அவளும் கட்டிக்கொண்டு சிரிக்கிறார்கள், அழுகிறார்கள்.

எனக்குத் திக்கென்றது. எல்லாரையும்விட மெதுவாகப் போனவளுக்கு எப்படி இடம் கொடுப்பார்கள்? நேரம் குறித்தவர்கள் எங்கோ தப்புப் பண்ணியிருக்கிறார்கள். நான்தான் கண்ணால் பார்த்தேனே! யாராவது கண்டுபிடித்துத் திருத்திவிடப் போகிறார்களே என்று பயந்து, வீடு வந்து சேரும்வரை நான் வாயைத் திறக்கவே இல்லை.