ஓரம் வெட்டாத சாட்சி

‘உங்கள் விண்ணப்பம் வெற்றிகரமாகப் பதிவாகிவிட்டது’ என்று திரையில் பச்சையாக ஒரு வரி வந்ததும், சாட்சியக்கா மூச்சை இழுத்துப் பிடித்துக்கொள்வார். நாமாக இருந்தால் அப்பாடா என்று மூடிவிட்டு எழுந்து போயிருப்போம். அக்காவின் இடது கை விரல்கள் மூன்றும் மூன்று விசைகளில் ஒன்றாக இறங்கும். திரை ஒரு நொடி மங்கித் தெளியும். படம் ஒழுங்காக விழுந்திருக்கிறதா என்று திறந்து பார்த்த பிறகுதான் பிடித்த மூச்சு வெளியே வரும். ஸ்கிரீன்ஷாட் எடுக்கும்போது ஆடாமல் இருக்க வேண்டியது திரைதான், நாமல்ல என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. சொன்னாலும் கேட்கப்போவதில்லை.

“பச்சையில எழுதிட்டா உண்மையாயிடுமா? நாளைக்கு அதே பக்கம் ‘அப்படி ஒண்ணு வரவே இல்லையே’ன்னு சொல்லும். அப்ப யார்கிட்டப் போய் நிப்பீங்க?” என்பார்.

அவர் போய் நின்றிருக்கிறார். மகளின் கல்லூரி விண்ணப்பத்துக்கும் இதே பச்சை வரிதான் வந்தது. பிறகு பெயர் பட்டியலில் இல்லை. “திரையில வந்துச்சுங்க” என்று கண்ணாடித் தடுப்புக்கு முன்னால் நின்று சொன்னபோது, உள்ளே இருந்தவர் “சாட்சி இருக்கா?” என்று கேட்டுவிட்டு டீ குடிக்கப் போனார். மகளுக்கு ஒரு வருடம் போயிற்று. அக்கா அந்தக் கேள்வியை வீட்டுக்கு எடுத்து வந்து வளர்த்தார். இன்று அதுவே அவர் பெயராகிவிட்டது.

வீட்டில் இதன் விளைவுகள் பலவிதம். குடும்பக் குழுவில் நாத்தனார் ஒருமுறை, “நான் அப்படிச் சொல்லவே இல்லையே அண்ணி” என்று எழுதிய மறுகணம், அவர் அப்படிச் சொன்ன படம் வந்து இறங்கியது. அன்றிலிருந்து நாத்தனார் நேரில் வந்து வாயால் மட்டுமே சண்டை போடுகிறார். கணவர் பள்ளி வேன் ஓட்டுகிறவர். மணி அடிக்கும்வரை வாசலில் காத்துக் கிடக்கும் நேரத்தில் மனைவிக்குச் செய்தி அனுப்பிக்கொண்டிருப்பது அவர் பொழுதுபோக்கு. “நான் செத்தாக்கூட இவ முதல்ல ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்துட்டுத்தான் அழுவா” என்று வேனில் ஏறும் குழந்தைகளிடம்கூடச் சொல்வார்.

இந்தக் குணத்துக்குச் சம்பளமும் கொடுக்கிறார்கள் என்பதுதான் வேடிக்கை. ஆஸ்பத்திரிகளுக்கு இணையப் பக்கங்கள் செய்து தரும் ஒரு நிறுவனத்தில் அக்காவின் வேலை, பக்கம் எங்கே சறுக்கி விழுகிறது என்று பார்த்துப் பிடித்துக் கொடுப்பது. பொய்ப் பெயர்களில் நோயாளிகளை உண்டாக்கி, அவர்களுக்கு இல்லாத வியாதிகளையெல்லாம் கொடுத்து, டாக்டரைப் பார்க்க நேரம் வாங்கி, பிறகு ரத்து செய்வார். பிரௌசரின் மேல் மூலையில் பதிவுக் கருவியின் சிவப்புப் பொட்டு எரிந்துகொண்டே இருக்கும்.

பதிவு செய்வதில் அவருக்குக் கண்டிப்பான ஆசாரம் உண்டு. கருவி கேட்கும்: இந்தத் தாவல் (டேப்) மட்டுமா, முழுத் திரையுமா? அக்காவுக்கு முழுத் திரைதான். “தாவல் மட்டும்னா அது கடிவாளம் போட்ட குதிரை பாத்த ஊர்வலம். மேல முகவரி தெரியணும், கீழ கடிகாரம் தெரியணும், ஓரத்துல என்ன கிடக்குதோ அதுவும் தெரியணும்.” அடுத்த விதி, பதிவுக்கு முன்னால் செய்தி அறிவிப்புகளின் வாயை அடைத்துவிட வேண்டும். கடைசி விதி, எடுத்த பிறகு கத்தரிக்கோல் போடக் கூடாது. “வெட்டினா அது படம். வெட்டாம இருந்தாத்தான் சாட்சி.”

இந்தக் கடைசி விதியைத்தான் சென்ற வாரம் எல்லோர் முன்னாலும் மேலாளரிடமே சொல்லிவிட்டார்.

விஷயம் இதுதான். இதய டாக்டரைப் பார்க்க நேரம் வாங்கியிருந்த ஒரு முதியவர் ஆஸ்பத்திரிக்குப் போனபோது, உங்கள் நேரம் ரத்தாகிவிட்டது என்றார்கள். திரும்பி வரும்போது படிக்கட்டிலேயே மயங்கி உட்கார்ந்துவிட்டார். பிழைத்துக்கொண்டார், மகன் புகார் கொடுத்தார். ரத்து செய்த கணக்கு யாருடையது என்று பார்த்தால், உதவித் தொலைபேசியில் பேசும் பெண்ணுடையது. கழிவறைக்குப் போனாலும் காதுக்கருவியைக் கழுத்திலேயே மாட்டிக்கொண்டு போவதால் எல்லோருக்கும் அவள் ‘ஹெட்போன்’.

“அவருக்கு மேல் வரியில இருந்த அம்மா தன்னோடதை ரத்து பண்ணச் சொன்னாங்க அக்கா. ஒரே தரம்தான் அழுத்தினேன். பக்கம் சுத்திக்கிட்டே நின்னுச்சு. கீழ இருந்தவரை நான் தொடவே இல்ல” என்று அழுதாள்.

அந்தப் பக்கத்தில் குறையில்லை என்று கையெழுத்துப் போட்டு ஒப்படைத்தவர் மேலாளர். அவர் ஒரு ஸ்கிரீன்ஷாட்டைக் கூட்டத்தில் போட்டார். ஹெட்போனின் கணக்குப் பெயர், முதியவரின் பெயர், ‘ரத்து’ என்ற சொல், அவ்வளவுதான். நாலு பக்கமும் சுத்தமாகக் கத்தரித்த படம்.

“மேல என்ன சார் இருந்துச்சு?” என்றார் அக்கா.

“அவசியமில்லாதது.”

“வெட்டினது சாட்சியில்ல சார்.”

மேலாளர் கத்திய கத்தலில் தண்ணீர் பாட்டில் நடுங்கிற்று. மறுநாள் மாலை ஆஸ்பத்திரியின் அதிகாரி வருகிறார், அதற்குள் இணையப் பக்கத்தில்தான் கோளாறு என்று காட்டினால் சரி, இல்லாவிட்டால் அந்தப் பெண்ணை அன்றே அனுப்பிவிடுவேன், வேறு எங்கேயும் சேர முடியாதபடி எழுதி அனுப்புவேன் என்றார். அக்காவின் ஒப்பந்தமும் மாதக் கடைசியோடு முடிகிறது என்பதையும், நீட்டிக்கும் கையெழுத்து யாருடையது என்பதையும் போகிற போக்கில் ஞாபகப்படுத்தினார்.

மறுநாள் காலையிலிருந்து அக்கா பொய் நோயாளிகளை வரிசையாக ரத்து செய்தார். பக்கம் உத்தமப் பிள்ளையாக நடந்துகொண்டது. இணைப்பை வேண்டுமென்றே மெதுவாக்கிப் பார்த்தார், அதற்கும் மசியவில்லை. மதிய உணவுக்குப் பிறகு அலுவலகமே ஒரே நேரத்தில் இணையத்தில் உட்கார்ந்தபோது, பக்கம் தானாகவே திணற ஆரம்பித்தது. இதுதான் தருணம் என்று அக்கா பாய்ந்து சிவப்புப் பொட்டை அழுத்தினார். மேல் வரியில் ஒரே ஒரு சொடுக்கு. சொடுக்கிய இடத்தில் கருவி மஞ்சள் வளையம் போட்டுக் காட்டும். ஒரு வளையம்தான் விழுந்தது. சக்கரம் சுற்றிற்று. மேல் வரி மறைந்தது. கீழ் வரி மேலேறி அந்த இடத்தில் வந்து நின்றது. யாரும் தொடாமலே அதுவும் மறைந்தது.

“மாட்டினியா!” என்று கத்திய அக்கா, பதிவைத் திரும்ப ஓட்டிப் பார்த்தார். இரண்டாவது வரி மறையும் அதே கணத்தில், திரையின் வலது கீழ் மூலையில், கணவரின் செய்தி ஒன்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

‘உன் மேனேஜர் குக்கர் இன்னிக்கு எத்தனை விசில்? அவன் தப்பை அந்தப் பொண்ணு தலையில கட்டிட்டானா?’

அவசரத்தில் அறிவிப்புகளின் வாயை அடைக்க மறந்திருந்தார். ஊருக்கெல்லாம் சொல்லிக்கொடுத்த பாடம்.

மறுபடி முயன்றார். மறுபடியும். பக்கம் வேகமாகிவிட்டது, கூப்பிட்ட குரலுக்கு ஓடி வந்தது. ஹெட்போன் பின்னால் வந்து நின்றாள்.

“கிடைச்சுதா அக்கா?”

“கிடைச்சுது.”

“அப்புறம் ஏன் மூஞ்சி இப்படி இருக்கு?”

அக்கா ஓட்டிக் காட்டினார். அவள் வரிகள் மறைவதைப் பார்த்துக் கண் கலங்கினாள். மூலையைப் படித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். “ஐயோ அக்கா, குக்கரா! வீட்டுல அப்படியா சொல்வீங்க?” அழுகையும் சிரிப்பும் ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு வந்தன. பிறகு குரல் இறங்கிற்று. “வெட்டிடுங்க அக்கா. ஒரு ஓரம்தானே? யாருக்குத் தெரியப் போகுது?”

“நேத்து அந்த மனுஷனைப் பத்துப் பேர் முன்னாடி நான் என்ன கேட்டேன்?”

“அவரு வெட்டினது அநியாயம். உங்களுது...”

“கத்தரிக்கு அதெல்லாம் தெரியுமாடி?”

சொன்னாரே தவிர, அவள் போனதும் கத்தரியைத் திறந்தார். ஓரத்தைப் பிடித்து இழுத்தார். செய்தி இருந்த மூலை அழகாக விழுந்துவிட்டது. கூடவே கடிகாரமும் விழுந்தது. அந்தப் பிரதியையும் சேமித்தார். இப்போது திரையில் இரண்டு கோப்புகள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன, இரட்டைப் பிள்ளைகள் மாதிரி.

கூட்ட அறையில் ஆஸ்பத்திரி அதிகாரி நடுவில் உட்கார்ந்திருந்தார். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பேசும் அம்மாள். மேசையின் கோடியில் மேலாளர். ஹெட்போன் சுவரோரம், வெறுங்கழுத்தோடு. அன்றுதான் அந்தக் கழுத்தை எல்லோரும் பார்த்தார்கள். காதுக்கருவியை முன்கூட்டியே ஒப்படைக்கச் சொல்லிவிட்டாராம் மேலாளர்.

அக்கா மடிக்கணினியைப் பெரிய திரையில் இணைத்தார். ‘வெட்டியது’, ‘வெட்டாதது’ என்ற பெயர்களோடு இரண்டு கோப்புகளும் சுவர் அளவுக்கு வந்து நின்றன. சுட்டி இரண்டுக்கும் நடுவே நின்றது.

“வெட்டினதா, வெட்டாததா?” என்றார் மேலாளர் இனிமையாக. “நேத்து எங்களுக்கெல்லாம் பாடம் எடுத்தீங்களே.”

அக்கா வெட்டாததைத் திறந்தார்.

ஒரு சொடுக்கு, ஒரு வளையம், சக்கரம். மேல் வரி போயிற்று. கீழ் வரியும் போயிற்று. எல்லோர் கண்ணும் வரிகளில்தான் இருந்தது; மூலையில் வந்ததை யாரும் கவனிக்கவில்லை. அக்காவுக்கு உயிர் வந்தது.

“புரியலை. திரும்பப் போடுங்க” என்றார் அதிகாரி அம்மாள். “ரெண்டாவது போகுது பாருங்க, அங்க நிறுத்துங்க.”

நிறுத்தினார்.

கண்ணாடி நெற்றியிலிருந்து மூக்குக்கு இறங்கியது. அம்மாள் வளையத்தை எண்ணினார். வரிகளைப் பார்த்தார். கடிகாரத்தைப் பார்க்கக் கண்ணைக் கீழே கொண்டுபோனார். அங்கேயே நின்றார். உதடுகள் மெதுவாக அசைந்தன. அறையில் இருந்த எல்லோரும் அதே மூலைக்குத் திரும்பினார்கள். யாரோ இருமினார்கள். வேறு யாரோ அந்த இருமலுக்குள் சிரிப்பை ஒளித்துக்கொண்டார்கள்.

மேலாளர் படித்து முடித்தார். முகம் சிவந்தது. சத்தம் வரவில்லை. விசில் அடிக்காத குக்கரிடம்தான் பயப்பட வேண்டும் என்பது அக்காவின் சமையலறை அனுபவம்.

“கோளாறு இந்தப் பக்கத்துலதான்” என்றார் அம்மாள், கண்ணாடியை மறுபடி நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, யார் முகத்தையும் பார்க்காமல். “இந்தப் பொண்ணு மேல எதுவும் இல்ல. இப்படியே எனக்கு இதை அனுப்பிடுங்க, எங்க டாக்டருங்க பாக்கணும்.”

ஹெட்போன் சுவரில் சாய்ந்து அப்படியே சரிந்து உட்கார்ந்தாள்.

அக்கா அனுப்புவதற்காகப் பிரௌசரைத் திறந்தார். மேசைக் கோடியில் மேலாளரின் இரண்டு கைகளும் மேசைக்கு அடியில் இருந்தன. குனிந்த தலை நிமிரவில்லை. அறிவிப்புகளின் வாயை அக்கா இந்தத் தடவையும் அடைக்கவில்லை. மறந்தாரா, மறக்காமல் விட்டாரா என்று கேட்டால் அவர் வேறு பேச்சு பேசுவார். பெரிய திரையின் வலது கீழ் மூலையில், எல்லோரும் படிக்கும் அளவுக்கு, மேலாளரின் பெயரோடு ஒரு செய்தி மெல்ல எழுந்து வந்தது.

‘ஓரத்தை வெட்டிட்டு அனுப்புங்க. வெட்டலைன்னா உங்க ஒப்பந்தத்தை மறந்துடுங்க.’

மேசைக்கு அடியில் கைபேசி நழுவி விழும் சத்தம் கேட்டது. அதிகாரி அம்மாளின் கண்ணாடி திரும்ப மூக்குக்கு இறங்கியது.

சாட்சியக்கா மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டார். இடது கை விரல்கள் மூன்றும் மூன்று விசைகளில் ஒன்றாக இறங்கின.