பெரியப்பா சீடரான வருடம்

எங்கள் வீட்டு ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் காய்கறி வைக்கக் கூடாது. அங்கே பெரியப்பா கால் வைப்பார்.

தட்டாஞ்சாவடியில் ஒரு லேத் பட்டறையில் வேலை செய்துகொண்டிருந்த அவருக்குச் சர்க்கரை வியாதி. அது பாதத்தில் இறங்கி, சில வருடங்களாக எரிந்துகொண்டிருந்தது. வேலை முடிந்து வந்ததும் ஃபிரிட்ஜைத் திறந்து, எதிரே நாற்காலியைப் போட்டு, இரண்டு பாதங்களையும் உள்ளே நுழைத்துக்கொண்டு பேப்பர் படிப்பார். கரண்ட் இல்லாத நாட்களில், வைத்திக்குப்பத்திலிருந்து மீன் விற்க வரும் அம்மாள் கூடையில் மிஞ்சிய ஐஸைக் கொடுத்துவிட்டுப் போவார். அதில் வைத்தால் கால் அடங்கும், தெருப் பூனைகள் அடங்காது. கானாங்கெளுத்தி மணக்கும் கட்டைவிரலைச் சுற்றி உட்கார்ந்து, அவர் எப்போது எழுந்து போவார் என்று பார்த்துக்கொண்டிருக்கும்.

நரம்பு கெட்டுவருகிறது என்று டாக்டர் சொன்னதைப் பெரியப்பா எங்களுக்குப் பட்டறை மொழியில் விளக்கினார். "உள்ள ஒயரு ஷார்ட் ஆவுது. அவ்ளோதான்." மாத்திரையை ஞாபகம் வந்த நாட்களில் போட்டுக்கொண்டார்.

அந்த வருடம் கிறிஸ்துமஸ் முடிந்த கையோடு, கோயிலில் இருந்து உபதேசியார் வந்தார். பெரிய வியாழன் அன்று இயேசு தம் சீடர்களின் கால்களைக் கழுவியதன் நினைவாக, பங்குச் சாமியார் பன்னிரண்டு ஆண்களின் பாதங்களைக் கழுவித் துடைத்து முத்தமிடுவார். அந்தப் பன்னிரண்டில் பெரியப்பாவும் ஒருவர் என்றார். பெரியப்பா வெகுகாலமாகக் காத்திருந்த கௌரவம் அது. பெரியம்மாவின் தம்பி ஏற்கெனவே சீடராக உட்கார்ந்தவர். எந்தப் பேச்சையும் அங்கே கொண்டுபோய் முடிப்பவர்.

சிக்கல் என்னவென்றால், போர்வை உரசினாலே பெரியப்பா கத்துவார். கத்தும்போது வருவது பட்டறையில் மட்டும் புழங்கும் ஒரு சொல்.

"சாமியாரு காலத் தொடும்போது அந்த வார்த்த வந்துச்சுன்னா, நான் எங்க அம்மா வூட்டுக்குப் போயிடுவேன்" என்றார் பெரியம்மா.

"ஒங்க அம்மா வூடு அடுத்த தெருதான?"

"அங்கயும் தலகாட்ட முடியாதே, அதான் என் பயம்."

ஆகவே பெரிய வியாழனுக்கு முந்தைய தவக்காலம் முழுக்கப் பயிற்சி நடந்தது. ஞாயிறு பூசை முடிந்ததும் நான் சாமியார். இடுப்பில் துண்டு, கையில் செம்பு, கீழே பிளாஸ்டிக் டப். முத்தம் கிடையாது என்பதில் இரு தரப்புக்கும் சம்மதம். முதல் ஞாயிறு துண்டு பட்டதும் அந்தச் சொல் வந்தது. அதை உடனே மறந்துவிடும்படி பெரியம்மா எனக்கு உத்தரவிட்டார். இன்று வரை முடியவில்லை.

பிறகு முன்னேற்றம் தெரிந்தது. கத்தல் முனகலாயிற்று, முனகல் பல்லைக் கடிப்பதாயிற்று. கடைசி ஞாயிறான குருத்து ஞாயிறன்று நான் தேங்காய் நாரால் தேய்த்தேன். பெரியப்பா பேப்பரில் இருந்து தலையே நிமிரவில்லை. அந்த வாரம் ஃபிரிட்ஜுக்குள் கத்தரிக்காய் திரும்பிவந்தது.

"பாப்பா கையில இன்னாமோ இருக்குது" என்றார் பெரியம்மா. எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

பெரிய வியாழன் சாயங்காலம், வெள்ளை வேட்டியும் சிவப்புப் பட்டையுமாகப் பெரியப்பா முதல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில், இந்த வருடமும் சீடராக, பெரியம்மாவின் தம்பி. சாமியாருக்கு வயதாகிவிட்டது, குளிர்ந்த நீர் ஆகாது என்று உபதேசியார் தண்ணீரைக் காய்ச்சியிருந்தார். பச்சைத் தண்ணீர் விட்டு விளாவ மறந்துவிட்டார்.

சாமியார் குனிந்து பெரியப்பாவின் காலில் ஊற்றினார். தாம்பாளத்தில் இருந்து ஆவி எழுந்தது. பெரியப்பா பீடத்துச் சுரூபம் மாதிரி அசையாமல் இருந்தார். சாமியார் துடைத்து முத்தமிட்டபோது, நன்றி சொல்லத் தனக்குத் தெரிந்த ஒரே பிரெஞ்சுச் சொல்லை எடுத்து, "மெர்சி, சாமி" என்றார்.

அடுத்த கால் பெரியம்மாவின் தம்பியுடையது. தண்ணீர் பட்டதும் அது அவர் மார்பு வரை எழும்பியது.

"யப்பா! கொதிக்குது சாமி!"

தாம்பாளம் கவிழ்ந்தது. பீடச் சிறுவர்கள் பச்சைத் தண்ணீருக்கு ஓடினார்கள். கோயில் முழுவதும் முதலில் தம்பியைப் பார்த்தது, பிறகு பெரியப்பாவைப் பார்த்தது. கால் சிவந்திருந்தது, முகத்தில் ஒன்றுமில்லை. என் பின்னால் இருந்த அம்மாள் சிலுவை போட்டுக்கொண்டார். பெரியம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, தம்பி பக்கம் ஒரு பார்வை பார்த்தார். நான் பயிற்சியாளருக்குரிய அடக்கத்துடன் நின்றிருந்தேன்.

மறுநாள் காலை பாதம் கொப்பளித்திருந்தது. வந்து பார்த்த அக்கம்பக்கத்தார் அதையும் விசுவாசத்தின் கணக்கில் சேர்த்தார்கள். அவர்கள் போன பிறகு பெரியப்பா என்னைக் கூப்பிட்டார்.

"பாப்பா, தண்ணி நெஜமாவே அவ்ளோ சூடா?"

"மாமா குதிச்சாரே, பாக்கல?"

பெரியப்பா காலை என் பக்கம் நீட்டினார். "ஒரு வெளையாட்டு வெளையாடலாம். நான் கண்ண மூடிக்கிறேன். நீ எந்த வெரலப் புடிக்கிறன்னு நான் சொல்லணும்."

கொப்பளம் இல்லாத சுண்டுவிரலைப் பிடித்து, நகம் பதிய அழுத்தினேன். அவர் கண்ணை இறுக்கி மூடிக் காத்திருந்தார்.

"ம், புடி" என்றார்.

"புடிச்சிட்டுதான் இருக்கேன்!"

கண்ணைத் திறந்து என் கையைப் பார்த்தார்.

"சரி, நீ ஜெயிச்சிட்ட."

பெரியப்பாவை ஜெயிப்பது இத்தனை சுலபமா என்று எனக்கு ஒரே குஷி. இன்னொரு ஆட்டம் வேண்டும் என்று குதித்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு மற்ற காலை நீட்டினார்.